மகளுக்குச் செல்லப்பெயரையே பெயராக வைக்கிறோம்: ‘எல்லி’யை ஆங்கிலத்தில் எப்படி எழுதலாம்?

கடைசியில் ஒய் போடுவதா, ஐ மட்டும் போதுமா, ஐ-இ என்று முடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நடுவில் ஒரே ஒரு எல் போதும் என்பது உங்கள் கணவரின் எண்ணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு எல், கடைசியில் ஐ-இ. இதுதான் என் பதில். கடைசி எழுத்தைப் பற்றித்தான் எல்லாப் பெற்றோரும் அதிகம் யோசிக்கிறார்கள். ஆனால் அதை எப்படி வைத்தாலும் பெயர் பெரிதாகக் கெடாது. இந்தப் பெயர் பிழைப்பதும் கெடுவதும் அந்த நடு எல்லில்தான்.

ஆங்கிலத்தில் மெய்யெழுத்து இரட்டித்தால், அதற்கு முன்னால் இருக்கும் உயிரைக் குறிலாகப் படி என்று அர்த்தம். ஒற்றை என் போட்டால் டைனி, இரட்டை என் போட்டால் டின்னி. ஒற்றை எல் போட்டால் ஹோலி, இரட்டை எல் போட்டால் ஹாலி. மினி போல இதற்கு அடங்காத சொற்களும் உண்டு, ஆனால் முன்பின் தெரியாத பெயரைப் படிக்கும்போது கண் இந்த வழக்கத்தின்படிதான் போகும். செல்லப்பெயர்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். டேனியலில் ஒரே என். சுருக்கினால் டானி ஆகி இரண்டு என் வந்துவிடுகிறது. சாமுவேல் சாமியாகும்போது எம் இரட்டிக்கிறது, தாமஸ் டாமியாகும்போதும் அப்படியே. எலினார், எலிசபெத் இரண்டிலும் ஒரு எல்தான், ஆனாலும் அவற்றைச் சுருக்கி எல்லி என்று எழுதுபவர்கள் எல்லை இரட்டிக்கிறார்கள். முதல் எழுத்தின் குறில் ஓசையைக் காப்பாற்ற வேறு வழியில்லை.

ஒரு எல்லை எடுத்துவிட்டுக் கடைசியில் ஐ போட்டால் கிடைப்பது வேறொரு பெயர். அதை ஆங்கிலம் பேசுபவர்கள் ‘ஈலை’ என்று படிப்பார்கள். தமிழ் விவிலியத்தில் ‘ஏலி’ என்று வருவாரே, அந்த ஆண் பெயர். உங்கள் மகளைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்ப்பவர்கள் மகன் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

தமிழில் இது இன்னும் முக்கியம். ஒரு ல் போனால் ‘எலி’. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு இதைவிடச் சங்கடமான எழுத்துப்பிழை வேண்டாம். ஒற்றை எல்லோடு இருக்கும் ஆங்கில எழுத்தைப் பார்த்துத்தான் யாரோ ஒருவர் தமிழில் பெயர்த்து எழுதுவார், அவர் எழுதுவது எலியாகத்தான் இருக்கும். லகரத்தை ளகரமாக்கினாலும் வம்புதான்: ‘எள்ளி’ என்றால் கேலி செய்து. ஆகவே தமிழில் எப்படி எழுத வேண்டும் என்பதையும் இப்போதே தீர்மானித்து, ஆங்கில எழுத்தோடு சேர்த்தே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

இனி கடைசி எழுத்து. ஐ-இ என்பதுதான் இந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் வடிவம், கேட்டவுடன் பலருடைய கை அப்படித்தான் எழுதும். ஒய் அடுத்தபடி, அதிலும் உச்சரிப்பு தவறாது. ஐ மட்டும் போட்டு முடிப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சின்ன எழுத்தில் எல், எல், ஐ மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் மூன்று செங்குத்துக் கோடுகளாக நிற்கும். கையெழுத்திலும் சில எழுத்துருக்களிலும் எத்தனை கோடு என்று எண்ணித்தான் படிக்க வேண்டியிருக்கும். கடைசியில் ஓர் இ வந்து நின்றால் அந்தக் குழப்பம் இல்லை. இரண்டு இ போட்டு முடிக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அழுத்தம் கடைசிக்குப் போய் ‘எல்லீ’ ஆகிவிடும்.

“எல்லாரும் எழுதுகிற மாதிரியே எழுதினால் பெயரில் தனித்தன்மை என்ன?” என்று உறவினர்கள் கேட்பார்கள். எழுத்தை மாற்றிப் பெயரை அரிதாக்க முடியாது என்பது என் திடமான கருத்து. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளுக்குப் பெயர்ப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் ஒரே ஒலியுள்ள பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் தனித்தனியாக எண்ணப்படுகிறது. பட்டியலில் கீழே கிடக்கிற ஒரு வடிவத்தைப் பார்த்து அரிய பெயர் என்று மகிழலாம், ஆனால் வகுப்பில் கூப்பிட்டால் எல்லா வடிவமும் ஒன்றாகத்தான் ஒலிக்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தனித்தன்மை வேண்டுமென்றால் பெயரையே மாற்றுங்கள், எழுத்தை வளைக்காதீர்கள்.

மேலே புள்ளி, கோடு போட்ட எழுத்துகளும் நடுவில் பெரிய எழுத்தும் வேண்டாம். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 இடம். அங்கே ஏ முதல் இசட் வரையிலான பெரிய எழுத்துகள், எண்கள், ஒரு நிரப்புக் குறி, அவ்வளவுதான். நீங்கள் சேர்க்கும் அலங்காரம் எதுவும் அங்கே வராது. சவுண்டெக்ஸ் என்று ஒரு பழைய முறை இருக்கிறது, 1918-இல் காப்புரிமை பெற்றது, பெயர்களை ஒலியை வைத்துத் தேடுவதற்கானது. அதில் எல்லியின் எல்லா வடிவங்களுக்கும் ஒரே குறியீடுதான், ஈலைக்கும் அதே குறியீடு. ஆனால் விமானச் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிடுகிறவர் ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறார்.

செல்லப்பெயரையே பதிவு செய்வது பற்றித் தயங்க வேண்டாம். என் பெயர் நிம்மி. நிர்மலாவோ வேறெதுவுமோ இல்லை, பிறப்புச் சான்றிதழிலேயே நிம்மிதான், இரண்டு எம், கடைசியில் ஒய். “சரி, முழுப் பெயர் என்ன?” என்று படிவம் நிரப்புகிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள். இதுதான் முழுப் பெயர் என்று சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். இதை வேறு பெயருக்கு மாற்ற நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டில் கூப்பிடுகிற பெயராலேயே வெளியிலும் கூப்பிடப்படுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிரிட்டிஷ் அரச குடும்பத்து ஹாரி கூட 2019-இல் பிறந்த மகனுக்கு ஆர்ச்சிபால்ட் என்று வைக்கவில்லை, ஆர்ச்சி என்றே வைத்தார். 2021-இல் பிறந்த மகளுக்கு லிலிபெட் என்று பெயர், இரண்டாம் எலிசபெத் அரசியின் சிறுவயதுச் செல்லப்பெயர் அது. அந்தக் குழந்தையைக் கூப்பிடும் ‘லிலி’யை வழக்கமான ஒய் இல்லாமல் ஐ போட்டு முடித்திருக்கிறார்கள், லிலிபெட்டின் முதல் நான்கு எழுத்துகள் அப்படியே. அங்கே மூலப்பெயர் எழுத்தைத் தீர்மானித்தது. உங்கள் எல்லிக்கு மூலப்பெயர் எதுவும் இல்லை என்கிறீர்கள், அதனால் ஓசையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாம்.

கணவரை ஒப்புக்கொள்ள வைக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் வீட்டு விஷயம் தெரியாத சிலரிடம் தொலைபேசியில் பெயரை ஒருமுறை சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வேறு சிலருக்கு அவர் விரும்பும் ஒற்றை எல் வடிவத்தை எழுதிக் காட்டி, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் பக்கத்திலேயே இருக்கட்டும். ‘ஈலை’ என்றோ ‘எலி’ என்றோ அவர் காதிலேயே விழுந்தால் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது. அதன் பிறகு பிறப்புப் பதிவுப் படிவத்தில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாகவும் தமிழில் ‘எல்லி’ என்றும் எழுதிக் கொடுங்கள். அச்சிட்டுத் தரும் நகலை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், முக்கியமாக அந்த இரண்டாவது எல்லை.