6.2 என்பது நல்ல செய்தியா?

தண்டையார்பேட்டை நண்பருக்கு,

78 வயது அப்பாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 சதவீதம், ஆனாலும் விடியற்காலையில் வியர்த்து நடுங்குகிறார் என்கிறீர்கள். எனக்கு அந்த 6.2 தான் கவலை தருகிறது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டு இரவு இட்லியைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆவது? நடுங்கும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

தளர்ந்த முதியவர்களுக்கு அந்த மூன்று மாதச் சராசரி 8-க்குள் இருந்தாலே போதும் என்பார்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல், இந்த வாரமே ஸ்டான்லி மருத்துவமனையில் காட்டுங்கள். அதுசரி, காசிமேட்டு மீனை ஏன் நிறுத்தினீர்கள்? அதில் மாவுச்சத்தே கிடையாதே!