தீவனத்துக்கு கோபி சர்ஸோன்: காமாவா, இஎம்எஸ்ஸா?

லுதியானாவுல பிஎச்டி பண்ற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், கோபி சர்ஸோன்ல மாட்டுத் தீவனத்துக்குன்னே இலை நிறைய, லேட்டா பூக்கற ரகம் ஒண்ணு மியூட்டேஷன்ல எடுக்கணும். கையில 200 விதை இருக்கு. காமா அடிக்கலாமா, இஎம்எஸ் போடலாமா, டோஸ் எவ்வளவு?"

மியூட்டேஷன்னா விதையோட டிஎன்ஏவ வேணும்னே மாத்தறது. காமாங்கறது கதிர், இஎம்எஸ்ங்கறது ஒரு ரசாயனம். தம்பி, டோஸ் கிடக்கட்டும், அந்த 200தான் எனக்கு உதைக்குது.

கோபி சர்ஸோன் கடுகு ஜாதிப் பயிர், பிராசிகா நேபஸ். டர்னிப் வகையறாவோட 20 குரோமோசோமும் முட்டைக்கோஸ் வகையறாவோட 18ம் சேந்து 38 ஆன செடி. அதனால பெரும்பாலான ஜீனுக்கு ரெண்டு காப்பியாவது இருக்கும், நீங்க ஒண்ண உடைச்சாலும் இன்னொண்ணு வேலைய பாத்துக்கும், செடியப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்கும். பூக்கற விஷயம் இன்னும் மோசம். பூக்கச் சொல்ற எஃப்டி ஜீனுக்கு 6 காப்பி, பூக்காதேன்னு பிடிச்சு வெக்கற எஃப்எல்சிக்கு 9. எஃப்எல்சி உடைஞ்சா சீக்கிரமாப் பூக்கும், அது உங்களுக்கு நேர் எதிர். எஃப்டி பக்கம் ஒரு காப்பி நொண்டினா சில நாள் தள்ளிப் பூக்கும், அவ்வளவுதான். அந்தச் சில நாள் வித்தியாசத்த 200 செடியில தேடினா மண்ணு மேடு பள்ளம், தண்ணி பாஞ்சது பாயாதது இதுலயே காணாமப் போயிடும். மியூட்டேஷன் பண்ண விதையில வளர்ற தலைமுறை எம்1, அதோட விதையில வர்றது எம்2, இப்படியே எம்3, எம்4. அந்த எம்2ல ஆயிரக்கணக்குல செடி வேணும்.

கனடாவுல இமிடசோலினோன் களைக்கொல்லி தாங்கற கனோலாவ (இதே ஜாதியில எண்ணெய்க்கு வளர்க்கற ரகம்) மியூட்டேஷன்லதான எடுத்தாங்கன்னு கேப்பீங்க. வாஸ்தவம், ஆனா அதுல ஒரு காப்பி மாறினாலே குணம் வெளிய தெரியும், மருந்த ஊத்தினா மத்ததெல்லாம் செத்து வேணுங்கறது மட்டும் மிஞ்சும். இலை அதிகமா இருக்கறத காட்டிக்குடுக்க அப்படி ஒரு மருந்து கிடையாது, கண்ணும் தராசும்தான்.

என்னைக் கேட்டா இஎம்எஸ். காமா டிஎன்ஏவ துண்டு துண்டா உடைக்கும், இஎம்எஸ் பெரும்பாலும் ஒரு எழுத்த மாத்தும், இந்த மாதிரி ரெட்டை ஜீனோம் செடி அத நிறையவே தாங்கும். ஆனா அது கேன்சர் வரவெக்கற சரக்கு, ஃப்யூம் ஹூட் (ஆவிய வெளிய இழுக்கற கூண்டு) இல்லாம பாட்டிலத் திறக்காதீங்க, மிச்சத்த சோடியம் தயோசல்பேட் போட்டு முறிச்சிட்டுத்தான் கொட்டணும். அந்த வசதி இல்லேன்னா யோசிக்காம காமாவுக்குப் போங்க, டிராம்பேல பாபா அணு ஆராய்ச்சி மையத்துல விதைய கதிர் வெச்சுத் தருவாங்க. டிஎம்-2, டிஎம்-4ன்னு கடுகு ரகமெல்லாம் அவங்க கதிர் வழியா எடுத்ததுதான். கடுகு ஜாதி விதை கெட்டி, நெல்லு 200, 300 கிரேக்கே (கிரேங்கறது கதிர் அளவு) வாடும், இது ஆயிரம் கிரேய கூட தாங்கும். 600ல ஆரம்பிச்சு 200 200ஆ ஏத்தி 1400 வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் நூறு விதை, கூடவே கதிர் படாத நூறு. நாத்து உயரம் எதுல 30லேர்ந்து 50 சதவீதம் குறையுதோ அந்த ரேஞ்ச்தான் உங்க டோஸ். கணக்குப் பாருங்க, உங்க 200 இந்த டெஸ்டுக்கே பத்தாது.

எம்1ல நிறைய பேர் கோட்டை விடறது ரெண்டு இடம். விதைக்குள்ள குருத்துல பல செல் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வேற வேற மாற்றம், அதனால ஒரே செடியில இந்தக் கிளை ஒரு மாதிரி அந்தக் கிளை ஒரு மாதிரி. கிளை கிளையா தனித்தனியா விதை எடுங்க, மொத்தமா உதிர்த்துக் கலக்காதீங்க. ரெண்டாவது தேனீ. தன் மகரந்தம்தான் அதிகம்னாலும் அயல் மகரந்தமும் கணிசமா நடக்கற செடி, பூவுக்கு பை கட்டலேன்னா பக்கத்து வயல் மகரந்தம் கலந்து வந்த செடியெல்லாம் உங்க கண்ணுக்கு மியூட்டன்ட் மாதிரி தெரியும்.

அப்புறம் தீவனப் பயிருக்குன்னே ஒரு வம்பு: வெட்டினாத்தான் இலை எடை தெரியும், வெட்டினா விதை போச்சு. அதுக்குத்தான் வரிசை வரிசையா போட்டு பாதிய 60 நாள்ல வெட்டி இலையும் தண்டும் தனியா நிறுக்கணும், மீதிய விதைக்கு விடணும். லேட்டா பூக்கறத வேற தேடறீங்க, பஞ்சாப்ல மார்ச் கடைசி வெயில்ல அது மணி பிடிக்காம சுருங்கும், விதை எடுக்க இமாச்சல்ல பாலம்பூர் மாதிரி குளுமையான இடத்துல நாலு சென்ட் கேட்டு வெச்சுக்கோங்க.

இலை எடை மட்டும் பாத்து செலக்ட் பண்ணவும் கூடாது. இந்த ஜாதி இலையில இருக்கற குளுக்கோசினோலேட் தைராய்ட கெடுக்கும், எஸ்எம்சிஓன்னு இன்னொரு சரக்கு மாட்டோட ரத்தச் சிவப்பணுவ உடைச்சு சோகை கொண்டுவரும், யூரியா தாராளமா போட்ட வயல்னா நைட்ரேட் விஷம் வேற. எம்3ல இருந்தே இந்த மூணும் டெஸ்ட் பண்ணுங்க.

கிடைச்ச மியூட்டன்ட்டே ரகம் ஆயிடும்னும் நினைக்காதீங்க. ஜெர்மனியில ஓரோ ரகத்துல இஎம்எஸ் போட்டு எண்ணெயில லினோலெனிக் அமிலம் கம்மியான எம்11ங்கற லைன (இது பேரு, தலைமுறை நம்பர் இல்ல) எடுத்தாங்க, விளைச்சல் சுமார்தான், அத நல்ல ரகத்தோட திரும்பத் திரும்ப கலப்பு பண்ணி கனடாவுல ஸ்டெல்லர்னு வந்தப்போ 1987. அந்த ஓரோவுக்கு எருசிக் அமிலம் (எண்ணெயில வேண்டாத ஒரு கொழுப்பு) குறைவான குணம் வந்ததே லிஹோங்கற ஜெர்மன் தீவன ரகத்துல இருந்துதான், எண்ணெய்க்காரங்க தீவனத்துக்கிட்ட கடன் வாங்கின கதை அது.

உங்க மூணு வருஷ ஃபெலோஷிப்ல எம்3, மிஞ்சிப்போனா எம்4 வரைக்கும்தான் வரும், கைடுகிட்ட இப்பவே சொல்லிடுங்க. அக்டோபர்ல விதைப்பு, அதனால டோஸ் டெஸ்ட செப்டம்பருக்குள்ள முடிங்க.