பதில்: உறுமி மேளக் குழுவுக்கு நகராண்மைக் கழகத்தில் யாரைப் பார்ப்பது?

தம்பி, தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு உறுமி சொல்லித் தருவதாகவும், பயிற்சிக்கு மண்டபம் கேட்டு நகராண்மைக் கழகத்துக்குப் போனால் முகப்பிலேயே (விசாரணை மேசையிலேயே) கையை விரித்துவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். "கலைக்கென ஆலோசனை வாரியம் இல்லையா?" என்பது உங்கள் கேள்வி.

அந்தப் பெயரில் தேடினால் நம்மைப் போன்ற சிற்றூர்களில் கிடைப்பது அரிது. ஆனால் மலேசியாவின் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி நகராண்மைக் கழகம் குழுக்களை அமைத்துக்கொள்ளலாம். ஆகவே முகப்பை விட்டுவிட்டு உங்கள் வட்டாரத்துக்கான கழக உறுப்பினரைப் பிடியுங்கள். அவர் மாநில அரசு நியமித்தவர். நம் வாக்கில் வந்தவர் அல்லர். அதனால் நாமாகத் தேடிப் போனால்தான் நம் முகம் அவருக்குத் தெரியும்.

பணம் கேட்காதீர்கள். மண்டப வாடகை விலக்கு, மேடை, கூடாரம், மின்சாரம் இவற்றைக் கேளுங்கள். ரொக்கத்தைவிட இவை எளிதில் கிடைக்கும். மலாயில் ஒரே பக்கக் கடிதம் போதும். நாள், நேரம், பிள்ளைகளின் வயது, எத்தனை மணிக்கு மேளம் நிற்கும் என்பது வரை எழுதுங்கள். உறுமி என்றாலே இரைச்சல் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கடைசி வரிதான் மருந்து.

எங்கள் கோலாட்டக் குழு பதிவில்லாமல் இரண்டு வருடம் அலைந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் முடிவாவதற்குள், இப்போதே கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.