உறைந்ததும் உறைத்ததும்

கேள்வி: 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டதும் காலமே உறைந்து நின்றுவிட்டது என்று என் அப்பா சொல்வார். நீங்கள் அப்போது கல்லூரி மாணவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். உங்கள் அனுபவம் என்ன?
– கல்லூரி மாணவி, ஊத்தங்கரை

பதில்: அப்பாவுக்கு என் வணக்கம். அந்த 'உறைந்து' மட்டும் எந்தக் கதையிலிருந்து அவருக்கு வந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள். இங்கே வாரம் தவறாமல் யாராவது உறைந்து நிற்கிறார்கள். காதலி கையை உதறினால் உறைகிறார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் உறைகிறார்கள். கிருஷ்ணகிரி வெயிலில் நானறிய உறைவது பால் ஒன்றுதான்; அதுவும் ராத்திரி யாராவது ஞாபகமாக உறை ஊற்றியிருந்தால். எங்கள் வீட்டில் அந்த வேலை என் தலையில் இருந்தது. பாதி நாள் மறந்துவிட்டு, மறுநாள் சோற்றுக்கு மோரும் இல்லாமல் திட்டும் வாங்கியிருக்கிறேன். உங்கள் கதாநாயகனுக்கு யார் உறை ஊற்றினார்கள் என்று ஓர் எழுத்தாளருக்குக் கார்டு போட்டேன். அதற்குப் பிறகு அவர் நமக்குக் கதை அனுப்புவதில்லை. ஐம்பது காசில் இவ்வளவு பலன் வேறெதிலும் கண்டதில்லை.

சரி, கேட்டதற்கு வருகிறேன். மே மாதம், கல்லூரி லீவு. பழையபேட்டையில் மாமாவின் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது, அடிபட்ட பழம் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். 21ஆம் தேதி மத்தியானம் கொத்தவால்சாவடிக்கு ஒரு லோடு செந்தூரா ஏற்றி விட்டோம். கோயம்பேடு மார்க்கெட் வராத காலம். வாணியம்பாடி, வேலூர், வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி என்று போகும் பாதை. அந்தப் பாதையில் அன்று ராத்திரி பத்தேகாலைத் தாண்டி என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும்.

எங்களுக்கு மறுநாள் காலை டீக்கடை ரேடியோ சொல்லித்தான் தெரிந்தது. கடைக்காரர் பாலை இறக்கினார், அடுப்பில் தண்ணீர் தெளித்தார், பெஞ்சை உள்ளே இழுத்தார், கல்லாவைப் பூட்டினார். எல்லாம் ஒரு டீ ஆற்றுகிற நேரத்துக்குள். யாரும் உறையவில்லை அம்மா. ஊரே ஓட்டமும் நடையுமாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. ஜனவரியிலேயே ஆட்சி கலைக்கப்பட்டு வீட்டுக்குப் போயிருந்த தி.மு.க.வின் கொடிக்கம்பங்கள் மாநிலமெங்கும் சாய்ந்தன. பக்கத்துப் பர்கூரில் ஜெயலலிதாவே வேட்பாளர், அதனால் எங்கள் பக்கம் மைக் செட்டுக்கு ஓய்வே இல்லாமல் இருந்தது. அன்று அதுவும் வாயடைத்தது. வாக்குப்பதிவு ஜூன் 15க்குப் போனது.

மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "லாரி எங்கடா?" கையில் போன் இல்லாத காலத்தில் அதற்கு எவன் பதில் சொல்வது? என் கவலை அதைவிட மட்டம். மறுநாள் பெங்களூர் போய் சினிமா பார்க்க மூன்று பேர் காசு சேர்த்து வைத்திருந்தோம்; பஸ் ஓடாதே என்று வருத்தப்பட்டேன். காலம் உறைந்ததோ இல்லையோ, எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் லாரி திரும்பி வந்தது. காவேரிப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்களாம். பிறகு கல்லுக்குப் பயந்து டிரைவர் அண்ணன் அங்கேயே கிடந்திருக்கிறார். தார்ப்பாயை அவிழ்த்தோம். அடிக் கூடைகளிலிருந்து சாறு வழிந்து பலகை இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு படை ஈ. கடையெல்லாம் சாத்தியிருந்த அந்தத் தெரு முழுக்க மாம்பழ வாசனை. காலம் உறைந்திருந்தால் அந்தச் செந்தூரா ஏற்றினபடியே காயாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

அது சென்னை போய்ச் சேர்ந்திருந்தாலும் 'சேலத்து மாம்பழம்' என்றுதான் விலை போயிருக்கும். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் சேலம் வாசகர் ஒருவருடன் நான் ஏழு இதழ் சண்டை போட்டது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1965 அக்டோபர் 2 வரை எங்கள் ஊர் சேலம் ஜில்லாவில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு தர்மபுரியில் இருந்தோம், 2004இல் தனி மாவட்டமே ஆகிவிட்டோம். பழத்துக்கு மட்டும் இன்னும் முகவரி மாறவில்லை. அவர் இந்த வாரமும் எழுதுவார். எழுதட்டும்.

கல் என்றேன் அல்லவா? 2000 பிப்ரவரி 2, பிளஸண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்றதும், தர்மபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சுற்றுலா பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகிப் போனார்கள். ஊர்ப் பெயரைப் பாருங்கள், இலக்கியம்பட்டி. அந்த மூன்று வீடுகளில் யாராவது காலம் உறைந்துவிட்டது என்று எழுதி அனுப்பினால் ஓர் எழுத்தைக்கூடத் தொட மாட்டேன்.

எனக்கு உறைத்தது எப்போது என்று சொல்லவில்லையே. அடுத்த வாரம் மண்டி திறந்தது. கூடைக்கு அடியில் பழைய பேப்பர் விரித்து, மேலே வைக்கோல், அதற்கு மேல் பழம். நான் பேப்பர் விரித்துக்கொண்டிருந்தேன். பழம் அடுக்குகிற பாட்டி கையை நிறுத்தினாள். "ஏஞ்சாமி, அந்தப் புள்ள மூஞ்சி மேலயா பழத்த அடுக்கச் சொல்ற?" குனிந்து பார்த்தால் முதல் பக்கத்தில் ராஜீவ் சிரிக்கிறார். எடுத்தேன். "உள்ள என்ன போட்டிருக்கான், படி" என்றாள். கூடவே செத்துப்போனவர்களைப் பற்றி இருந்தது. போலீஸ்காரர்கள், கட்சிக்காரர்கள் என்று படித்துக்கொண்டே வந்தேன். கவிதை சொல்ல வந்த ஒரு சின்னப் பெண், அவளுடைய அம்மா.

"கொழந்தையுமா?"

நான் மேற்கொண்டு படிக்கவில்லை. பாட்டி பேப்பரை வாங்கி நான்காக மடித்து, கூரை ஓலையில் செருகினாள். பேப்பர் கட்டு எங்கே என்று மாமா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். அன்றைக்குக் கட்டிய கூடைகளுக்கெல்லாம் வெறும் வைக்கோல்தான்.