பர்னருக்குப் போகும் பிரஷர், லெவல் சென்சார்: கேள்வி பதில்

மண்டபம், மீன்தூள் ஆலை ஆபரேட்டர்: சார், பாய்லர் கேஜ்ல 8 கிலோ நிக்குது. பேனல் டிஸ்பிளேல 5 தான். பிரஷர் டிரான்ஸ்மிட்டர் போன வாரம்தான் புதுசா மாட்டுனது. டிரான்ஸ்மிட்டர் போயிடுச்சா?

போகலை தம்பி. டிரான்ஸ்மிட்டர் பெயர்ப்பலகையில் 0–16 என்று இருக்கும், கன்ட்ரோலரில் பழைய 0–10 அப்படியே கிடக்கும். டிரான்ஸ்மிட்டர் தன் ரேஞ்சை 4–20 மில்லிஆம்ப் கரண்டாக மாற்றி அனுப்பும், அதில் பாதி 12. 16 கிலோ டிரான்ஸ்மிட்டர் 8 கிலோவில் 12 மில்லிஆம்ப் கொடுக்கும். 0–10 என்று வைத்த கன்ட்ரோலர் கார்டுக்கு 12 மில்லிஆம்ப் என்றால் 5 கிலோ. கணக்கு சரியாக உதைக்கிறது பாருங்கள். ரேஞ்சை மாற்றும் வரை ஓட்டாதீர்கள்: பிரஷர் இன்னும் ஏறவில்லை என்று நினைத்து பர்னர் ஹை ஃபயரிலேயே (முழுத் தீயில்) நிற்கும், தடுக்க லிமிட் சுவிட்சும் சேஃப்டி வால்வும் மட்டுமே மிச்சம். மாற்றியபின் 0.3 கிலோ வித்தியாசம் இருந்தால், டிரான்ஸ்மிட்டர் டேப்பிங்கிலிருந்து (பாய்லரில் குழாய் எடுத்த இடம்) எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 3 மீட்டர் தண்ணீர்த் தூண் 0.3 கிலோ காட்டும். ஸீரோவில் கழித்துவிடலாம். சைஃபனில் (டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் உள்ள வளைந்த குழாய்) தண்ணீர் நிரப்பாமல் ஸ்டீம் வால்வைத் திறக்க வேண்டாம், உள்ளே இருக்கும் மெல்லிய டயஃப்ரம் தகடு வெந்துவிடும்.

தொண்டி, இறால் வேகவைக்கும் யூனிட், மெயின்டனன்ஸ்: பாய்லர் லெவல் கண்ணாடியில தண்ணி அடிக்குப் போயிடுச்சு, லோ லெவல் டிரிப் ஆகலை. புரோப் வயரைக் கழட்டினா உடனே டிரிப் ஆகுது. அப்ப புரோப் நல்லாத்தானே இருக்கு?

இல்லை. வயரைக் கழற்றினால் ரிலே சோதிக்கப்படுகிறது, புரோப் அல்ல. எந்த சென்சாரிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி: நீ கெட்டால் பர்னர் நிற்குமா, எரியுமா? வயர் அறுந்தால் நிற்கிறது, நல்லது. புரோப் கம்பியைத் தண்ணீர் தொட்டால் அதன் வழியாகக் கரண்ட் போகும், அதுதான் தண்ணீர் இருப்பதற்கான சிக்னல். ஆனால் கம்பிக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் வெள்ளை இன்சுலேட்டரில் உப்பு படிந்தால், அந்தப் படிவு வழியாகவே கரண்ட் போகும். தண்ணீர் இல்லாமலே 'தண்ணீர் இருக்கிறது' என்று சொல்லும். இந்தக் கடற்கரை போர்வெல் தண்ணீரில் இது சீக்கிரம் வரும். பாய்லர் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 3500 பிபிஎம் தாண்டி நுரை ஏறினால் அதுவும் புரோபைத் தொட்டு ஏமாற்றும்.

பாய்லரை ஆறவிட்டு, பிரஷர் ஸீரோ ஆனபின், மட்டத்தைப் புரோப் நுனிக்குக் கீழே இறக்கி, வயரைக் கழற்றி, கம்பிக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். மெகா ஓமில் இருக்க வேண்டும். கிலோ ஓமில் காட்டினால் வெளியே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். இன்சுலேட்டரில் கீறலோ கறுப்புத் தடமோ இருந்தால் மாற்றியே ஆகவேண்டும். சுற்றியுள்ள காப்புக் குழாயின் மேல் துளை அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உண்மையான சோதனை தண்ணீரை இறக்கிப் பார்ப்பதுதான். பர்னர் லோ ஃபயர், ஃபீட் பம்ப் ஆஃப், புளோடவுன் வால்வை (பாய்லர் தண்ணீரை வெளியேற்றுவது) மெதுவாகத் திறங்கள். ஒருவர் கண்ணாடியை விட்டு நகரக் கூடாது. முதலில் அலாரம், பிறகு டிரிப், இரண்டும் கண்ணாடியில் தண்ணீர் தெரியும்போதே வரவேண்டும். வராவிட்டால் கையால் பர்னரை நிறுத்துங்கள். கண்ணாடியில் தண்ணீர் மறைந்துவிட்டால் ஃபீட் பம்பைத் தொடவே கூடாது: காய்ந்த டியூபில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பாய்லர் தாங்காது.

ஃப்ளோட் சேம்பர் (மிதவையால் மட்டம் பார்க்கும் தனி அறை) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புளோடவுன் செய்தபின் சேம்பரைப் பாய்லரோடு இணைக்கும் ஐசொலேஷன் வால்வைத் திறக்க மறந்தால், சேம்பரில் சிக்கிய தண்ணீரில் ஃப்ளோட் மேலேயே நிற்கும். பாய்லர் காலியானாலும் அதற்குத் தெரியாது.

கீழக்கரை, பேனல் எலெக்ட்ரீஷியன்: பர்னர் ஃபேன் காத்தைப் பார்க்கிற ஏர் பிரஷர் சுவிட்ச் அடிக்கடி மாட்டிக்குதுன்னு, அதோட ரெண்டு முனையையும் வயரால சேர்த்து லூப் போட்டேன். இப்ப ஸ்டார்ட்டே ஆகலை.

பர்னர் கன்ட்ரோலர் ஸ்டார்ட்டுக்கு முன்னாலேயே, ஃபேன் ஓடாதபோது அந்த கான்டாக்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும். லூப் போட்டால் அது பிடித்துவிடும், அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். லூப்பை எடுங்கள். ஃபேன் பிளேடில் உப்பு கலந்த தூசி, சென்சிங் டியூபில் தண்ணீர், கிழிந்த டயஃப்ரம், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

ராமேஸ்வரம், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்: வாடைக்காத்து மழை தொடங்கினா லெவல் டிரான்ஸ்மிட்டர் 5, 6 சதவீதம் கூடக் காட்டுது. வெயில் வந்தா சரியாகுது.

ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். பிளஸ், மைனஸ் டெர்மினலுக்கு நடுவே பச்சைப் பூஞ்சை மாதிரிப் படிவு இருக்கும். இரண்டு வயர் சர்க்யூட்டில் டிரான்ஸ்மிட்டர் தன் கரண்டைச் சரியாகத்தான் இழுக்கிறது. உப்பு ஈரம் பக்கத்தில் தனியாக இழுப்பதும் சேர்ந்து கார்டுக்குப் போகிறது. 24 வோல்ட்டில் சுமார் 20 கிலோ ஓம் கசிவு 1 மில்லிஆம்ப், அதாவது ஸ்பேனில் (4 முதல் 20 வரை உள்ள 16 மில்லிஆம்ப்) 6.25 சதவீதம். மட்டம் கூடுதலாகக் காட்டும், ஆபத்தான பக்கம். 3.6 மில்லிஆம்ப்புக்குக் கீழே, 21க்கு மேலே வைக்கும் ஃபால்ட் அலாரமும் இதைப் பிடிக்காது.

பர்னரை நிறுத்திவிட்டு டிரான்ஸ்மிட்டர் முனையில் வயரைக் கழற்றுங்கள். கார்டில் 0 மில்லிஆம்ப் வரவேண்டும். 0.5 வந்தாலும் கசிவு பாக்ஸிலோ கேபிளிலோதான். டெர்மினலை மாற்றுங்கள், கிளாண்ட் (கேபிள் நுழையும் இறுக்கி) கீழ்ப்பக்கமாக வரட்டும், கேபிள் நுழையுமுன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள், காலித் துளைகளை பிளக் போட்டு மூடுங்கள். நட்டு, போல்ட்டில் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட 316 இந்த உப்புக்காற்றுக்கு நீடிக்கும். கேபிள் ஷீல்டைப் பேனல் முனையில் மட்டும் எர்த் பண்ணுங்கள்.

ஏர்வாடி: ஒரே பிரஷர் டிரான்ஸ்மிட்டரை வச்சு மாடுலேஷன் (தீயைக் கூட்டிக் குறைக்கிறது), ஹை லிமிட் (பிரஷர் மிஞ்சினா பர்னரை நிறுத்துறது) ரெண்டும் பார்க்கலாமா?

கூடாது. ஹை லிமிட் தனி சுவிட்ச், தனி வயர், கையால் ரீசெட். டேப்பிங்கும் தனியாக இருந்தால் நல்லது, ஒரே குழாய் அடைத்தால் இரண்டும் சேர்ந்தே குருடாகும்.