வயலை ஈடு வைக்க வேண்டாம்

தருமபுரத்திலிருந்து எழுதிய தாயாருக்கு,

உங்கள் மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருக்கையில், பொறியியலுக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சைப் புள்ளி) போதவில்லையே என்று வீடே துக்கம் காப்பதும், கொழும்பில் தனியார் பொறியியல் பட்டம் படிப்பிக்க வயலை ஈடு வைக்கும்படி கனடாவிலுள்ள மாமா வற்புறுத்துவதும் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் வயலை ஈடு வைக்காதீர்கள். கற்கைக் கட்டணமில்லாத அரச பல்கலைக்கழக இடத்தை உதறிவிட்டு, ஊர் மெச்சுவதற்காகக் கடன்படுவதை என்னால் ஆதரிக்க முடியாது. பொறியியலின் பெருமையை எடுத்துச் சொல்ல உங்களுக்கு உறவினர் போதும்.

மகள் இரவிரவாகக் குவேசார்களைப் பற்றி வாசிப்பதை வீண்பொழுது என்கிறீர்கள். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் நடுவே, பெருங்கருந்துளையை நோக்கி விழும் வாயு சூடேறிச் சுடர்வதே குவேசார். வானத்தைத் தொலைகாட்டியால் அளந்து பட்டியலிடும் ஸ்லோன் வான் அளவீடு தனது 16ஆவது தரவு வெளியீட்டில் 750,414 குவேசார்களைப் பட்டியலிட்டது; அவற்றின் நிறமாலைகளை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவுகளை, உங்கள் வீட்டிலிருந்தே இலவசமாகத் தரவிறக்கலாம். அந்த நிறமாலையில் ஐதரசன் பதிக்கும் லைமன்-அல்பா என்ற கோட்டின் அலைநீளம் 121.6 நனோமீற்றர். அது 486.4 நனோமீற்றரில் தெரிந்தால், இதை 121.6ஆல் வகுத்து ஒன்றைக் கழிக்கச் செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு, 3 என்று வரும். அந்த ஒளி புறப்பட்டு 1100 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இணைந்த கணிதம் செய்த பிள்ளைக்கு இது மனக்கணக்கு. அக்கோட்டின் நீலப் பக்கத்தில் நெருங்கி நிற்கும் உறிஞ்சற் கோடுகள் அந்த ஒளி வரும் வழியில் இருக்கும் ஐதரசன் வாயுவின் தடங்கள். இலட்சக்கணக்கான குவேசார்களில் அவற்றை அளந்தும், அமெரிக்காவின் அரிசோனாவில் தொலைகாட்டியில் 5,000 ஒளியிழைகளுடன் இயங்கும் டெசி என்ற வான் அளவீடு பிரபஞ்சம் விரிந்த வேகத்தைக் கணிக்கிறது. இது பெரும்பாலும் கணினி முன்னே நடக்கும் வேலை; தொலைகாட்டி வாங்கித் தரச் சொல்லி அவள் கேட்கப்போவதில்லை.

நிரந்தர வானியலாளர் பதவிகள் குறைவு என்பதை மறைக்கமாட்டேன். ஆகவே முதல் வருடத்திலிருந்தே பைதன் என்ற கணினி நிரல் மொழியையும் புள்ளிவிபரவியலையும் விடாமல் பயின்று, பௌதிகவியலில் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகுமளவுக்குப் பெறுபேறு எடுக்க வேண்டும். ஆய்வு கைகூடாவிட்டாலும் வங்கியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் தரவு ஆய்வாளராக அந்தத் திறன் சோறு போடும். கலாநிதிப் பட்டத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, கற்பித்தல் உதவியாளராகச் சேர்வோருக்குக் கட்டணத்தை நீக்கி மாதப்படியும் தருகின்றன. சொந்தச் செலவில் வா என்று வரும் அனுமதியை மட்டும் ஏற்காதீர்கள்.

மாமாவுக்கு உதவ மனமிருந்தால் நல்ல மடிக்கணினி ஒன்று வாங்கி அனுப்பட்டும். மிச்சத்தை, நான்கு வருடம் கழித்து வரும் விண்ணப்பக் கட்டணங்களுக்கு ஒதுக்கி வைக்கட்டும். நீங்கள் பதிவுத் திகதி முடியுமுன் மகளைப் பதிந்துவிடுங்கள்.