1.40 லட்சத்துக்கு இ.எம்.ஐ. போடும் முன் எலுமிச்சை உப்பு வாங்குங்கள்

கேள்வி: சென்னையில் வீட்டில் 300 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டி, பவளங்களோடு 6 வருடமாக இருக்கிறது. பம்ப் இரைகிறது, ஸ்கிம்மரில் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) நுரை ஏறவில்லை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓயாமல் ஓடுகிறது, டி5 ட்யூப் விளக்கு மங்கல். சில்லர் 55,000, எல்.இ.டி. 45,000, ஸ்கிம்மர் 26,000, பம்ப் 14,000 என்று கடையில் சொல்கிறார்கள். 12 மாத ‘நோ காஸ்ட்’ இ.எம்.ஐ.யில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். கார்டு வட்டி 15% என்றால் 1.40 லட்சத்துக்கு ஆண்டு வட்டி சுமார் 11,600 ரூபாய். கடை அதைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், வட்டி மேல் வரும் 18% ஜி.எஸ்.டி., ஏறக்குறைய 2,100, உங்கள் தலையில்தான். பிராசஸிங் கட்டணம் தனி.

நீங்கள் சொல்லும் கோளாறுகளில் பாதி தேய்மானமே அல்ல, சுண்ணாம்புப் படிவு. பம்பையும் ஸ்கிம்மர் பம்பையும் கழற்றி, லிட்டர் வெந்நீருக்கு 25 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள். ஸ்கிம்மரின் காற்றுக் குழாய் முனையில் உப்பு கட்டியிருக்கும். அதற்கு வெந்நீரே போதும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் காந்தம் உப்பியிருந்தாலோ செராமிக் தண்டு விரிசல் விட்டிருந்தாலோ இம்பெல்லர் மட்டும் வாங்குங்கள். உப்பிய காந்தத்தை ‘இன்னும் சுற்றுகிறதே’ என்று விட்டுவைக்காதீர்கள்; துரு தண்ணீரில் கலக்கும்.

பம்ப் சரியானால் சில்லரும் பாதி சரியாகலாம், ஏனென்றால் நீரோட்டம் குறைந்தால் அது குளிரைத் தொட்டிக்குக் கொண்டுசேர்க்க முடியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சில்லரின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் தகடுகளின் தூசியை மென்பிரஷால் எடுங்கள். அதற்குப் பிறகும் மே மாத மதியத்தில் தண்ணீர் 27 டிகிரிக்கு இறங்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்ப விடாதீர்கள், காசு காற்றோடு போகும்.

எல்.இ.டி. ‘கரண்ட் மிச்சம்’ என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 54 வாட் ட்யூப் நான்கு, 216 வாட். புது விளக்கு 120 வாட். தினம் 10 மணி நேரத்துக்கு ஆண்டில் சுமார் 350 யூனிட் குறையும். யூனிட் 9 ரூபாய் என்றால் 3,150. ஆண்டுக்கொரு முறை மாற்றும் ட்யூப்கள், ஒன்று 1,500 வீதம், 6,000. ஆக 45,000 திரும்ப ஏறக்குறைய 5 வருடம். இப்போதைக்குப் புது ட்யூப் போதும். பின்னால் எல்.இ.டி. வாங்கினால் பாதி வெளிச்சத்தில் தொடங்கி நான்கு வாரத்தில் ஏற்றுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் பவளம் வெளுத்துவிடும்.

இப்போது கைக்காசு போட்டு வாங்க வேண்டியது ஒன்றே: 5,000 ரூபாய்க்குள் ஒரு மாற்று பம்ப். பம்ப் நின்றால் சில்லருக்கும் தண்ணீர் போகாது. கடை திறக்கும்வரை மீன்கள் காத்திருக்காது.

இன்றே மாதம் 2,400 ரூபாய்க்கு 5 வருட ஆர்.டி. தொடங்குங்கள். கட்டும் தொகையே 1.44 லட்சம், வட்டி அதற்கு மேல். நடுவில் சில்லர் கைவிட்டால் ஆர்.டி.யை உடைத்து அதை மட்டும் மாற்றுங்கள்.